நாற்பதாவது பாடம்

சாக்பீஸ் தூசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. டாக்டர் சீட்டு கேட்டால் தருகிறேன். ஆனால் நீங்கள் எழுதித் தரச் சொன்னது சின்ன டீச்சரைப் பற்றி. எழுதுகிறேன்.

சின்ன டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கல்லூரிக் கடைசி வருடத்தில் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த பெண். உங்கள் அறக்கட்டளையின் விதி உங்களுக்கே தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்குள் நாற்பது பாடம் நடத்த வேண்டும். வகுப்பாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 'திருப்தி' என்று கையெழுத்துப் போட வேண்டும். நாற்பதாவது இறுதிப் பாடம். அதற்கு மட்டும் மறுவாய்ப்பு கிடையாது. தேறினால் ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு முழு உதவித்தொகை. தவறினால் அடுத்த வருடம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மொத்தம் மூன்று வருடம்தான்.

என்னுடையது ஆறாம் வகுப்பு, கணக்கு. ஐம்பத்திரண்டு பேர், சந்தைக்கடை மாதிரி இரைச்சல். அந்தப் பெண் முதல் நாள் ஒரு காகிதத்தை மடித்து மடித்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். அதுவரை வாய் திறக்காத பிள்ளை ஒருத்தி எழுந்து, "அப்போ பாதியில பாதி கால் தானே டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பொறாமை என்று நினைக்க வேண்டாம். இவளை இந்த வகுப்பு இழக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் வருடம் இறுதிப் பாடத்தில் பலகை எழுத்து சரிந்திருந்தது. அப்படியே குறித்தேன். பலகையைச் சாய்த்து மாட்டியது நான்தான். ஆனால் அதைக் கவனிப்பது ஆசிரியர் பொறுப்பு.

இரண்டாம் வருடம் ஒரு மாணவி, பின்னத்துக்கு நடுவே முதலில் கோடு போட்டது யார் என்று கேட்டாள். "தெரியலைம்மா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள் இவள். 'பாட அறிவு போதாது' என்று எழுதினேன். கேள்வியை எழுதிக் கொடுத்தவன் நான். பதில் எனக்கும் தெரியாது.

அந்த வருடம் அவள் அம்மா வந்தார். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர். "இவளுக்கு டீச்சர் வேலை வருமா சார்? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, கடையில சேர்த்துவிடறேன்."

"அவசரப்படாதீங்கம்மா. நான் கையை விட மாட்டேன்" என்றேன். விடவில்லை.

மூன்றாம் வருடம் மணி ஐந்து நிமிடம் முன்னதாக அடித்தது. பாடம் முடியவில்லை. அடிக்கச் சொன்னது நான்தான் என்று மணியடிக்கும் பெரியவர் உங்களிடம் வந்து சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. சொன்னதைச் செய்கிறவர், கேட்டால் சொல்கிறவர்.

அன்று அவள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். "எல்லாருக்கும் இது வந்துடாதும்மா. சும்மாவாவது தினம் வந்து பழகு, பார்ப்போம்" என்றேன். நான்கு மாதம் சம்பளமில்லாமல் வந்து அத்தனை பாடமும் எடுத்தாள். "நீங்க இல்லைன்னா நான் முதல் வருஷமே விட்டிருப்பேன் சார்" என்றாள். தப்பு சார் பேரில் இல்லை, தனக்குத்தான் திறமை போதவில்லை என்று அவள் உங்களுக்கு எழுதிய கடிதத்தை நான் சொல்லி எழுத வைக்கவில்லை. திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இவளுக்கு முன் வந்த மூன்று பேரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர்களும் முப்பத்தொன்பதோடு நின்றவர்கள்தான் என்று சொல்லியிருப்பேன்.

ஆம், எல்லாம் தெரிந்தே செய்தேன். பிள்ளைகளுக்காகச் செய்தேன்.

இப்போது அவள் அம்மாவோடு துணிக்கடையில் நிற்கிறாள். நேற்று நானே பாடம் எடுக்கப் போனேன். வருகைப் பதிவேட்டோடு வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே ஒரே சத்தம். வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஆசிரியர் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த வருடப் பயிற்சிப் பட்டியல் உங்களிடம் இருக்கும். திங்கட்கிழமைக்குள் ஒருவரை அனுப்பிவைக்கவும். நன்றாக நடத்துகிறவராகப் பாருங்கள். பிள்ளைகள் பாவம்.