ஜன்னல்ல போடாத துண்டு

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் உக்காருங்க, காத்து வரும். டீ ஆறிடும், முதல்ல குடிங்க.

என் தங்கச்சியைப் பத்தி புத்தகம் எழுதப் போறீங்களாமே, நல்லது. போன மாசம் அவ கண்ணை மூடினதுலருந்து வர்றவங்க எல்லாரும் அவளைப் பத்தித்தான் கேக்குறாங்க. நான் சலிச்சுக்கறதில்ல. எனக்கு இந்தப் பொறாமை கிறாமையெல்லாம் கிடையாது.

எதிர்ல வண்டி நிறுத்துறாங்களே, அங்கதான் அந்த சலவைக் கம்பெனி இருந்துச்சு. ஓட்டல் போர்வை, ஆஸ்பத்திரி போர்வை, மூட்டை மூட்டையா வரும். போர்வை மடிக்க ரெண்டு பேர் வேணும். ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிச்சு உதறி, நடந்து வந்து சேர்க்கணும். நானும் அவளும்தான் ஜோடி. நாள் பூரா அவ முகம் கிட்ட வரும், தள்ளிப் போகும்.

ஊர்ல எங்க ஆளுங்க ரொம்பக் கம்மி. எங்க பாஷை காதுல விழுந்தா கடைக்காரர் மிச்சக் காசைக் கையில குடுக்க மாட்டார், மேசையில வச்சுத் தள்ளுவார். கம்பெனியிலயும் ஜன்னலோரம் இஸ்திரி போடுறது மத்தவங்களுக்கு. பாய்லர் பக்கத்துல வேகறது எங்களுக்கு. கூட்டம் போட்டா சூப்பர்வைசர் மோப்பம் பிடிச்சிடுவார். அப்போ போர்வை மடிச்சுக்கிட்டே நான்தான் சொன்னேன். "நம்ம வீட்டு ஜன்னல் கம்பெனி கேட்டைப் பார்த்துதானே இருக்கு? வேலைக்குப் போகக் கூடாதுன்னா ஒரு துண்டைத் தொங்க விடுவோம். பார்க்கிறவங்க திரும்பிப் போயிடட்டும். யாரும் வாயே திறக்க வேண்டாம்."

"அடி அக்கா, உன் மண்டைக்குள்ள இவ்வளவு இருக்கா?"ன்னு சிரிச்சா. அடுத்த வாரம் பெஞ்சு மேல ஏறி நின்னு அவ அதையே சொன்னா. கைதட்டல் அவளுக்கு. அவ திருடினான்னு சொல்ல மாட்டேன். அவளுக்கு வாய் இருந்துச்சு, அவ்வளவுதான்.

துண்டு தொங்கினா ஒரு ஆள் உள்ள போகாது. அப்படித்தான் கூலி ஏறுச்சு. அப்படித்தான் எங்க பிள்ளைங்களை நல்ல பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கிட்டாங்க. அவ நகரசபைக்குப் போனா, அப்புறம் சட்டசபை. எங்க ஆளுங்கள்ல அங்க போன முதல் ஆள். தேர்தல் சின்னமே துண்டுதான். தோள்ல துண்டு போட்டுக்கிட்டு அவ வந்தா தெருவே "சின்னக்கா, சின்னக்கா"ன்னு கத்தும். அந்தத் துண்டைத் துவைச்சது யாரு? இஸ்திரி போட்டது யாரு? நான் வீட்டோட நின்னுட்டேன். யாராவது ஜன்னலைப் பார்த்துக்கணுமே. என் பேர் அச்சுல வந்ததுன்னா அது கரண்ட் பில்லுல மட்டும்தான்.

ஒரு தடவை பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்தார். நான் டீ கொண்டு வச்சேன். இவங்க யாருன்னு கேட்டார். "எங்க அக்கா. வீட்டைப் பார்த்துக்கறாங்க"ன்னா. பொய் இல்லையே. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னைக்கு அந்த டம்ளரை ரொம்ப நேரம் தேய்ச்சது ஞாபகம் இருக்கு.

அடுத்த நாள் அவ தலைநகரத்துக்குப் போயிட்டா. மறுநாள் விடிஞ்சதும் ஃபோன். "அக்கா, கம்பெனி மெக்கானிக் இப்பதான் ஃபோன்ல சொன்னான். பாய்லர் வால்வு அடைச்சிருக்காம். முதலாளி கேக்க மாட்டேங்கறாராம். துண்டைப் போட்டுடு. ஒருத்தர் உள்ள போகக் கூடாது." சரின்னேன்.

துண்டு கையிலதான் இருந்துச்சு. ஜன்னல் வரைக்கும் போனேன். அந்த பாய்லர் நாங்க வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து சீறிக்கிட்டுதான் இருந்துச்சு, ஒண்ணும் ஆனதில்ல. ஒரே ஒரு நாள் அவ வாக்கு பலிக்காம போகட்டும்னு நினைச்சேன். எல்லாரும் போய் வேலை பார்த்துட்டு சாயங்காலம் திரும்பி வரட்டும். சின்னக்கா சும்மா பயந்துக்கிட்டா, பெரியக்காதான் நிதானம்னு அப்போ நானே சொல்லிக்கலாமே. இதுல என்ன தப்பு?

வாயாடின்னு ஒரு பொண்ணு. தங்கச்சி நகரசபைக்குப் போனப்புறம், நான் வேலையை விடுற வரைக்கும் என்கூட போர்வை மடிச்சவ. கேட்டுக்குப் போற வழியில ஜன்னலுக்குக் கீழ நின்னா. "பெரியக்கா, இன்னைக்குத் துண்டு இல்லையே? முதலாளிக்கு யோகம்தான்!"

"துண்டு இல்லைன்னா போக வேண்டியதுதானே. நேரமாகுது பாரு"ன்னேன்.

சிரிச்சுக்கிட்டே போனா.

கொஞ்ச நேரத்துல இந்த ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உள்ள வந்து விழுந்துச்சு. பாய்லர் பக்கத்துல நின்னவங்க யாரும் மிஞ்சல. அந்தப் பக்கம் நின்னவங்க யாருன்னுதான் சொன்னேனே. நான் துண்டை நாலா மடிச்சு அலமாரியில வச்சேன். அதுல ஒரு கண்ணாடித் துணுக்குகூட படல.

சாயங்காலம் தங்கச்சி வந்தா. அலமாரியைப் பார்த்தா. "காலையில ஃபோன் பண்ணேனே அக்கா"ன்னா. "எந்த ஃபோன்?"னு கேட்டேன். என் முகத்தையே பார்த்தா. போர்வை மடிக்கும்போது எவ்வளவு தூரத்துல நிப்பாளோ, அவ்வளவு தூரத்துல. அப்புறம் போய் முகம் கழுவிக்கிட்டா. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அதைப் பத்தி அவ என்கிட்ட கேக்கவே இல்ல.

விசாரணையில மெக்கானிக், அன்னைக்கு விடியக்காலையிலயே அவகிட்ட எச்சரிச்சதைச் சொல்லிட்டான். அதிகாரி அவளைக் கேட்டார், நீங்க யார்கிட்ட சொன்னீங்கன்னு. நான் பின் வரிசையில உக்காந்திருந்தேன். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன். அவ திரும்பிக்கூடப் பார்க்கல. "யார்கிட்டயும் சொல்லல. தப்பு என்னோடது"ன்னா. பதவியை விட்டா. முதலாளிகிட்ட விலை போயிட்டாளேன்னு எங்க ஆளுங்களே மூஞ்சியில துப்பினாங்க. துடைச்சுக்கிட்டு அதே வீடுகளுக்குப் போனா. செத்தவங்களோட பிள்ளைங்களை ஒண்ணு விடாம படிக்க வச்சா. நான் சோறு பொங்கிப் போட்டேன்.

கடைசியில மன்னிச்சுட்டாங்க. போன மாசம் நீங்களே பார்த்திருப்பீங்க, அவ மேல எத்தனை துண்டு. வாயாடியோட அம்மா தள்ளாடிக்கிட்டு வந்து ஒண்ணு போட்டாங்க. "தப்பைத் தப்புன்னு ஒத்துக்கிட்ட மகராசி"ன்னு அழுதாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். என்னை யாரும் கவனிக்கல.

அதான் சொல்றேன், எழுதிக்கோங்க. துண்டு என் யோசனை. அன்னைக்கு அதைப் போடாததும் நான்தான். ரெண்டையும் செஞ்சது நானா இருக்க, ரெண்டுக்கும் அவ பேரையே போட்டா அது நியாயமா, நீங்களே சொல்லுங்க.