நான் போட்ட குலவை

படார். ஒரு வெடி. உடனே இன்னொன்று. மதகுப் பக்கம். கொக்குகள் கலைந்து எழும்புகின்றன. நட்ட வயலை மிதித்துக்கொண்டு ஓடுகிறேன். கால் புதைகிறது. விழுகிறேன்.

"வராதடா வேலு! உள்ள போ! உள்ள போடா!"

மூன்றாவது வெடி.

வேலு என் தம்பி. நான் வளர்த்தவன். பண்ணையாரைக் கொன்ற கூட்டத்தோடு ஆறு மாதம் திரிந்தான். அன்று அரிவாள் பிடித்தானா, தெரியாது. கேட்கப் பயம். அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. சவுக்குத்தோப்பில் போலீஸ் சுட்டதில் தலைவர்கள் செத்தார்கள். கூட்டம் ஒழிந்தது. இவன் என்னிடம் வந்தான். "அக்கா, பசிக்குது" என்றான்.

மதகடியில் கோரைக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் பொழுது சாய்ந்ததும் அவனை ஏற்றிப்போக ஒரத்தநாடு லாரி. பேசிவிட்டவன் பக்கத்து வீட்டு மாணிக்கம். அவன் ஒருவனுக்குத்தான் இடம் தெரியும். வேலுவிடம் சொன்னேன். "ஆள் இல்லன்னா குலவை போடுறேன். அப்ப வெளிய வா." பொம்பளை குலவையை எந்தப் போலீஸ் சந்தேகப்படும்? பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு எனக்கு. கலவரத்தில் நடவு நின்றிருந்தது. யாரும் வயலில் இறங்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

காலையில் தெருவுக்குள் போலீஸ் ஜீப். பண்ணைக் காரியக்காரர் கத்துகிறார்.

"பொம்பளைங்க எல்லாம் நடவுக்கு எறங்குங்க! எறங்காத வீட்டு ஆம்பளைய ஜீப்புல ஏத்துவாங்க!"

இறங்கினோம். பதினாறு பேர். வரப்பில் நான்கு துப்பாக்கி. மதகு கூப்பிடு தூரம். யாரும் பாடவில்லை. என் புத்தி முழுக்கக் கோரைக்குள் கிடந்தது. கை மட்டும் நட்டது. நாலு மணி. கடைசி முடி நாற்றை நான்தான் ஊன்றினேன். வயல் முடிந்தால் குலவை போடுவது வழக்கம். வரிசையில் முதல் ஆள் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் ஆள் நான். பதினைந்து வருஷப் பழக்கம். பாழாய்ப்போன வாய். தானாகப் போட்டது. மற்றவர்களும் கூடவே போட்டார்கள்.

கோரை விலகியது. எழுந்து நின்றான். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து என்னைத் தேடினான்.

உடம்பைக்கூடத் தரவில்லை.

எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்றது தெரு. மாணிக்கம்தான் என்றது. குலவைச் சங்கதி அவனுக்கும் தெரியாது. "சத்தியமா நான் இல்லக்கா" என்று என் காலில் விழுந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. விரட்டினார்கள். வலங்கைமான் ரோட்டுப் புளியமரத்தில் தொங்கினான்.

எங்கள் தெருவில் சவுக்குத்தோப்பில் செத்தவர்கள் இரண்டு பேர். ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இரண்டு பேர். வேலு ஒருவன். கணக்கெடுக்க வந்த உங்களிடம் எல்லாரும் ஐந்து என்றுதான் சொல்வார்கள். ஆறு என்று எழுதிக்கொள்ளுங்கள். மாணிக்கம் காட்டிக்கொடுக்கவில்லை.