வாக்கர்னா துணி மிதிக்கிறவர்

பெருமாநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர்.

"இன்னைக்கு ஆர்டர் குடுக்க வந்த வெள்ளைக்காரர் பேரு வாக்கருங்க்கா. அப்படின்னா துணி மிதிக்கிறவராமுங்க."

"நடக்கிறவர் இல்லையா, கண்ணு?"

"இல்லீங்க்கா. கம்பளித் துணியைத் தொட்டியில போட்டு, கெட்டியாகற வரைக்கும் மிதிப்பாங்களாம். அவரு பாட்டன் பூட்டனுக்கு அதுதான் வேலை. பொறகு மெஷின் வந்திருச்சாம். பேரு மட்டும் நிலைச்சிருச்சுன்னு சிரிச்சாருங்க."

மூத்தவர் சிரிக்கவில்லை.

"நாம வெட்டற வேலைக்கும் ஒரு மெஷினை எறக்கிட்டாங்களே, பார்த்தியா?"

"பார்த்தனுங்க்கா."

"மிதிச்சவங்கெல்லாம் அப்புறம் என்ன பண்ணுனாங்களாம்?"

"மேனேஜரை உட்டுக் கேட்டனுங்க்கா. அந்த வாக்கருக்கே தெரியலீங்க."

மூத்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.