கண்ணைத் திறக்காத அத்தான்

ஹலோ... அக்கா, நான்தான், உன் தம்பி. ஆமா, அத்தான் போன்தான். என் தியான முகாமுக்கு வந்தா எல்லார் போனையும் வாங்கிக் கூடையில போட்டுடுவோம் இல்ல... ஒண்ணும் ஆகல. அவர் இப்ப இயற்கையோட ஒண்ணாகிட்டு இருக்காரு...

ஐயோ, அந்த அர்த்தத்துல சொல்லலக்கா! நல்லா இருக்காரு. காட்டுல ஒரு மரத்தடியில உக்காந்து மூச்சை கவனிச்சுக்கிட்டு...

ஆமா... ஆமா, பயிற்சி எப்பவோ முடிஞ்சுடுச்சு. மத்தவங்க கிளம்பிட்டாங்க. இவர் மட்டும் கொஞ்சம் ஆழ்நிலையில... கத்தாதக்கா, கத்தினா வயிறு இறுகும். மூக்கு வழியா மெதுவா இழுத்து... சரி, சொல்லல. சொல்லல.

மறந்துட்டேன்க்கா.

...அவரைத்தான். ஆமா, மனுஷனைத்தான். குடையை இல்ல.

எப்படின்னா... எல்லாரையும் வெறுங்காலோட புல்லுல நிக்க வெச்சு, "உள்ளங்கால் வழியா பூமி பேசுது, கேளுங்க"ன்னேன். உன் வீட்டுக்காரர், "எனக்கு எறும்புதான் பேசுது"ன்னுட்டாரு. மொத்தக் கூட்டமும் சிரிச்சுடுச்சு. நான் எவ்வளவு பாடுபட்டு வரவழைச்ச மௌனம்! அதான் ஓடைக்கு அந்தப் பக்கம் தனியா உக்கார வெச்சு, "நான் வந்து தோளைத் தொடற வரைக்கும் கண்ணைத் திறக்காதீங்க"ன்னு... ஆமா, ஒதுக்கினதுதான்... ஆமா.

அப்புறம் எல்லாருமா நின்னு போட்டோ எடுத்தோம்... அவர் இல்லாதது தெரியலயான்னா... தெரியலக்கா. இன்னைக்குக் கூட்டம் அமைதியா இருக்கேன்னு மட்டும் தோணுச்சு.

மாத்திரையா?... எந்த மாத்திரை?... பிரஷருக்கு மதியம் போடறதா? அவர் பை இங்க என் மேஜை மேல... எடுத்துட்டேன். ஓடிக்கிட்டேதான் பேசறேன். ஆமா, மழைதான், இங்க கொட்டுது... தெரியும்க்கா, நீ வேணாம்னுதான் சொன்ன. நான்தான், "அனுப்பி வை, அவர் மூச்சுக்கு நான் பொறுப்பு"ன்னு பெருசா...

இல்ல, அது என் மூச்சு. எனக்குத்தான் வாங்குது... ஆமா, நான்தான் மாஸ்டர். குத்திக் காட்டாத...

அத்தான்! அத்தான்!

...பதில் இல்ல. இரு... தெரியுது, வெள்ளைச் சட்டை. மரத்துல சாஞ்சிருக்காரு. அசையல... கொஞ்சம் பேசாம இரு அக்கா, கும்பிடறேன்... தோளைத் தொடறேன்...

திறந்துட்டாரு! கண்ணைத் திறந்துட்டாருக்கா! சிரிக்கிறாரு... சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்காரு, பல்லு தந்தியடிக்குது. மத்தபடி... ஆமா, மாத்திரை குடுத்துட்டேன், முழுங்கறாரு. என்ன அத்தான்?...

கால் மரத்துப் போச்சாம்... மனசு லேசா இருக்காம். மழை வந்ததுமே எழுந்திருக்கப் பாத்தாராம். "நீயும் பக்கத்துலயே நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கற, நான் மட்டும் எழுந்து ஓடினா உனக்கு மரியாதையா இருக்காதே"ன்னு அப்படியே இருந்துட்டாராம்.

...ஆமா. நான் பக்கத்துலயே இருக்கேன்னு நினைச்சிருக்காரு. என் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டுச்சாம்.

...இல்ல, இன்னும் சொல்லல. நீயே பக்குவமா எடுத்து... நானேவா?... அக்கா, அவர் போனுக்குக் கை நீட்டறாரு... சரி. சரிக்கா.

அத்தான், அக்காகிட்ட பேசறதுக்கு முன்னால ஒண்ணு. இவ்வளவு நேரமும் நான் இங்க இல்ல அத்தான்.

...இந்தாங்க, பேசுங்க.