முதல் துண்டு வெள்ளரிக்காய்

காளிகாட்டில் மெட்ரோ ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் இருக்கையிலிருந்து தமிழ் கேட்டது. அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுப்பது தப்புதான், ஆனால் இந்த ஊரில் தமிழ் கேட்டால் என் காது என் பேச்சைக் கேட்பதில்லை.

“வெள்ளரிக்காய்க்குக்கூட சர்க்கரை தூவுறாங்கடி சுமதி!”

சொன்னவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் மடியில் ஆபீஸ் பையோடு இருந்த சின்னவள் சிரித்தாள்.

“சாலட்லயாக்கா?”

“தீகாவுக்குப் போனோமே, அவரும் நானும். கடலைப் பார்த்ததைவிட ஹோட்டல் ஏறி இறங்கினதுதான் அதிகம். அவருக்கு சுகர் முந்நூறு. எங்க போனாலும் வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சை, மேல ஒரு சிட்டிகை சர்க்கரை. முதல் துண்டை நான் தின்னு பார்த்து, சர்க்கரை இல்லன்னாத்தான் தட்டை அவர் பக்கம் தள்ளுவேன். ராஜாவுக்கு விஷம் பார்க்கிறியான்னு கேலி பண்ணுவார்.”

“மாமா போய் ஆறு மாசம் ஆச்சுல்லக்கா?”

“வர்ற அமாவாசையோட ஏழு.”

ஒரு ஸ்டேஷன் வந்து போனது.

“நேத்து லேக் மார்க்கெட்ல தனியா சாப்பிடப் போனேன். சாலட் வந்துச்சு. ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன், சர்க்கரையே இல்ல. அவ்வளவு சந்தோஷம்டி எனக்கு. தட்டை அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளிட்டேன்.”

“ஐயோ, அக்கா.”

“வேண்டாம்போலன்னு சர்வர் எடுத்துட்டுப் போயிட்டார்.”

“எனக்குத்தான்னு சொல்லியிருக்கலாமே?”

“எனக்கு இல்லையேடி அது.”