பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது

புதிதாகக் கம்ப்யூட்டர் கட்டப் போகிறவர்கள் முதலில் பவர் சப்ளையைத்தான் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியே பேசுவார்கள். மிச்சம் இருக்கும் காசில் ஏதோ ஒரு பவர் சப்ளையை வாங்கி மாட்டுவார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் கருகிப்போன பிறகு தலையில் கைவைத்து உட்காருவார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள் மேடம். அங்கிருந்துதான் ஆரம்பித்தது. நானே எழுதித் தருகிறேன் என்றதும் வெள்ளைத்தாள் கொடுத்ததற்கு நன்றி. நான் சொல்லி வேறொருவர் எழுதினால் விவரங்கள் விட்டுப்போகும், அது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் பார்த்திபன், வயது முப்பத்தொன்று. பொன்னேரிக்குப் பக்கத்தில் சொந்த ஊர். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. கும்மிடிப்பூண்டியில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பன்னிரண்டு பவர் பிரஸ்கள், பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கித் தகட்டை அடிக்கும் மிஷின்கள். அவற்றின் ஒயர், மோட்டார், பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் என் பொறுப்பு. ஒன்பது வருடத்தில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

குடி, சீட்டு எதுவும் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கேம் விளையாடுவேன், அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டரில் நான் மவுஸை அழுத்துவதற்கும் திரையில் துப்பாக்கி வெடிப்பதற்கும் நடுவில் ஒரு கண் இமைக்கும் நேரம் பிந்தியது. அதற்குள் எதிராளி என்னைச் சுட்டுவிடுவான். கண் இமைக்கும் நேரம்தானே என்று வீட்டில் சிரித்தார்கள். அதற்குள் எவ்வளவு நடந்துவிடும் என்பது வெளியாட்களுக்குப் புரியாது.

ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். பிராசசருக்கு மட்டும் நாற்பது விமர்சனம் பார்த்திருப்பேன். மதர்போர்டு, கூலர், மெமரி எல்லாமே அசல், எல்லாவற்றுக்கும் வாரண்டி கார்டு. கேபினட்டில் கலர் விளக்கு வேண்டாம் என்று கடைக்காரரிடம் கறாராகச் சொன்னேன். விளக்கு எரிகிறது என்பதற்காக உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை, அதெல்லாம் பார்க்கிறவனை ஏமாற்றத்தான்.

எங்கள் ஊர் லைனில் வோல்டேஜ் ஏறும், இறங்கும். அதனால் தனியாக எர்த் குழி வேண்டியிருந்தது. ஆசீர்வாதம்தான் தோண்டினான். ஏழாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டுகிறவன். எங்கள் ஊர் காலனிக்காரன், அவன் அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். வயது நாற்பத்து நான்கு. நான் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவன் என்னை சார் என்பான். இதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஊர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவேண்டும் என்று சனிக்கிழமையே ஷிப்டு முடித்து வந்து எட்டடி ஆழம் தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாயை இறக்கினான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தான்.

கேபினட் வந்த அன்று பொன்னேரி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வரை தூக்கி வந்தவனும் அவன்தான். பக்கவாட்டில் முழுக்கக் கண்ணாடி. எனக்கு உயிரே கையில் இல்லை.

"ஆசீர்வாதம், ரெண்டு கையாலயும் புடி."

"புட்சிக்கினுதான் வர்றேன் சார். ரெண்டு கையும் நல்லாத்தான இருக்குது, இன்னாத்துக்கு பேஜாராவுறீங்க?"

கிராபிக்ஸ் கார்டு மட்டும் பாக்கி. சின்னது வாங்கியிருக்கலாம். ஆனால் மற்ற எல்லாவற்றையும் நல்லதாக வாங்கிவிட்டு அதில் போய் மட்டமானதை மாட்டுவதா? அது செய்கிற வேலைக்கே அவமரியாதை. அந்த ஜூன் மாதத்தில்தான் ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சென்சார் செத்தது.

அது என்ன என்று எழுதிவிடுகிறேன். பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம் இருக்கும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் போகும். கை குறுக்கே வந்தால் பிரஸ் இறங்காது. எங்கள் ஆட்கள் அதைக் கண்ணு என்பார்கள். புதிது வாங்க மேனேஜர் துளசிராமன் உடனே கையெழுத்துப் போட்டார். தெரிந்த கடையிலிருந்து சென்சாருக்கான பில் வந்தது. சென்சார் வரவில்லை. கிராபிக்ஸ் கார்டு வந்தது.

செத்த சென்சாரையே துடைத்து மாட்டினேன். உள்ளே ஒரு ஒயரைக் குறுக்கே போட்டு, பச்சை விளக்கு எப்போதும் எரியும்படி செய்தேன். சுத்தமான வேலை. தை பிறந்ததும் போனஸில் அசலை வாங்கிப் போட்டுவிடுவதாகத்தான் திட்டம். என் போனில் குறித்தே வைத்திருந்தேன், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஆசீர்வாதத்துக்கு ஒரு பழக்கம். தினமும் ஷிப்டு ஆரம்பிக்கும்போது துடைப்பக் குச்சி ஒன்றை உள்ளே நீட்டிப் பெடலை மிதித்துப் பார்ப்பான். பிரஸ் இறங்காது என்று தெரிந்த பிறகுதான் தகட்டை எடுப்பான். மற்ற பதினோரு பேரும் அதைச் செய்வதில்லை. அன்று காலை நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இது புது மாடல் ஆசீர்வாதம். சும்மா சும்மா குச்சி காட்டினா ஆயுசு கொறஞ்சிடும். பச்ச லைட் எரியுதா, வேலையப் பாரு."

"அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா சார்?"

"உன்னவிட நல்லாவே தெரியும்."

சிரித்தான். குச்சியைக் குப்பையில் போட்டான். "நீங்க சொன்னா செரி சார்" என்றான். மனுஷர் மேல் நம்பிக்கை வைக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. இதை யாரும் பேசுவதில்லை. நான்கு மாதமும் அந்த பிரஸ் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடி, மாதா மாதம் டார்கெட்டைத் தாண்டியது. என் கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒரு இடத்திலும் திணறவில்லை. நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் மேடம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை. எல்லா பிரஸ்ஸையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டில் நானும் என் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு வைத்தேன். கண்ணாடியில் கறை படியக் கூடாது என்று கீழ் ஓரத்தில் சின்னதாக வைத்தேன். லீவு முடிந்து முதல் ஷிப்டில் ஏழாம் நம்பரில் தகடு சிக்கிக்கொண்டது. ஆசீர்வாதம் இரண்டு கையையும் உள்ளே விட்டு இழுத்திருக்கிறான். கால் பெடலில் பட்டுவிட்டது. கண் இமைக்கும் நேரம்தான். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கையில் மூன்று விரலும் போயின.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். மெயின் சுவிட்சை அணைக்க ஒருவர் வேண்டுமே என்று நான் நின்றேன். அணைத்தேன். பேனல் ரூமில் சாமி படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்து ஏழாம் நம்பரின் கண்ணின் மேல் அப்பினேன். நடுவில் குங்குமமும் வைத்தேன். எதையும் அரைகுறையாக விடுவது என் சுபாவம் இல்லை.

அசல் சென்சாராக இருந்தால், கண் மறைந்தவுடன் பிரஸ் நின்றுவிடும். ஓடவே ஓடாது. இது எனக்குத் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விசாரணைக் கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. "கண்ணுல சந்தனத்த அப்பி வெச்சா அது எப்பிடிப்பா பாக்கும்?" என்றார் துளசிராமன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆபரேட்டரின் அலட்சியம் என்று எழுதினார்கள். நஷ்டஈட்டை நிறுத்தினார்கள், வேலையும் போனது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் ஆசீர்வாதத்தின் மனைவி விக்டோரியா வந்தாள். கேட்டில் இரண்டு நாள் நின்று, கமிட்டி ரூமுக்குள் வந்தாள். அழவில்லை.

"ஆறு வருஷமா எங்கூட்டுக்காரு அந்த மிஷினுக்குப் பொட்டு வெச்சதே இல்ல சார். நாங்க பெந்தெகொஸ்தே. சபையில ஒத்துக்க மாட்டாங்க. மிஷின தொடச்சிக் குடுத்துட்டு ஒதுங்கி நின்னுப்பாரு. பொரி குடுத்தாகூடத் துன்ன மாட்டாரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "வருஷா வருஷம் அவுரு பொரியத் துன்னது நீங்கதான சார்?"

உண்மைதான். ஆறு வருடமும் அவன் பொட்டலத்தை என்னிடம்தான் கொடுத்தான். பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்டு நன்றாக இருக்கும். பன்னிரண்டு பிரஸ்ஸில் ஒன்றில் மட்டும் பொட்டு இல்லை என்று ஒரு வருடம்கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. நாற்பது விமர்சனம் படித்தவன் அதைக் கவனிக்காமல் விட்டேன். இந்த விஷயத்தில் என் மேல் தப்பு இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள், நீங்கள் சென்சாரைக் கழற்றிப் பார்த்தீர்கள். மீதி உங்களுக்கே தெரியும். முறைப்படி ஒரு வரி வேண்டும் என்றீர்கள், எழுதுகிறேன்: சென்சாரை வாங்காமல் வாங்கியதாகக் காட்டியது நான். பச்சை விளக்கைப் பொய்யாக எரியவிட்டது நான். ஆசீர்வாதம் சோதித்துப் பார்ப்பதை நிறுத்தியது நான். அவன் கை போன பிறகு சந்தனத்தை அப்பி, பழியை அவன் மேல் போட்டதும் நான்தான். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாட்சிப் பொருள் என்று எடுத்துவந்த என் கம்ப்யூட்டரை ஸ்டேஷனில் ஜன்னலோரம் வெறும் தரையில் வைத்திருக்கிறார்கள். வரும்போது பார்த்தேன். மழைக்காலம், சாரல் அடிக்கும். அது செய்த குற்றம் என்ன? தயவுசெய்து ஒரு மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். தூக்குகிறவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள் மேடம், ஒரு கையால் தூக்கக் கூடாது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.