கரி பஸ்ஸின் கடைசி சீட்டு

"எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க! மேடு வருது!"

கண்டக்டர் பலகையைத் தட்டுகிறான். மல்லூர் தாண்டியாயிற்று. பஸ் இருமுகிறது. நிற்கிறது. பகல் பதினொரு மணி. 1942, சித்திரை மாதம். என் மடியில் ஐந்து மாதக் குழந்தை. பாவாயி. என் மாமியார் பெயர்.

சென்னையிலிருந்து ஓடி வருகிறேன். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்றார்கள். வேலை இல்லாதவர்கள் ஊரைக் காலி செய்யுங்கள் என்று சர்க்கார் சொன்னது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் நகரக்கூடாது. பெரிய மனிதர்கள் முன்பே காரில் போய்விட்டார்கள். அவர்களுக்கு மட்டும் எங்கிருந்தோ பெட்ரோல் கிடைத்தது. எனக்குச் சேலம் வரை ரயிலில் நிற்க இடம். அங்கிருந்து எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குக் கரி பஸ்.

பெட்ரோல் பட்டாளத்துக்குப் போன காலம். பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்புப் பீப்பாய். அதில் கரியைப் போட்டு எரிப்பார்கள். அதிலிருந்து வரும் காற்றில் வண்டி ஓடும். மேட்டில் ஓடாது. இறங்கித் தள்ள வேண்டும்.

கைக்குழந்தைக்காரிக்குக் கடைசி சீட்டு. அதுதான் வழக்கம். ஆண்கள் கண்ணில் படாமல் பால் கொடுக்கலாம். பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தி மூட்டையிலிருந்து தன் மாற்றுச் சேலையை எடுத்துக் குறுக்கே கட்டினாள். சன்னலையும் சேர்த்து மூடினாள். "அனல்காத்து பச்சப்புள்ளைக்கு ஆவாதுங்க அம்மிணி." நல்ல மனுஷி. இன்றும் அவளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேட்டில் எல்லாரும் இறங்கினார்கள். கிழவர்கள்கூட. நானும் எழுந்தேன். "நீங்க உக்காருங்க சாமி. கொழந்தைய வெயில்ல கொண்டாராதீங்க," என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். பின்னால் கண்டக்டர் கரியைக் கிளறுகிறான். விசிறிச் சக்கரத்தைச் சுற்றுகிறான். கிர்ர். கிர்ர். அரை மணி நேரம். எனக்குத் தலை வலிக்கிறது. ரயிலில் தூங்காததால் என்று நினைத்தேன். பாவாயி பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூங்கினாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. சென்னையிலிருந்து கத்திக்கொண்டே வந்த குழந்தை ஒருவழியாகத் தூங்குகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன்.

பஸ் கிளம்பியது. ஏறியவர்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். "தங்கமான கொழந்தைங்க. சத்தமே இல்லீங்க."

ராசிபுரத்தில் பீப்பாயைப் பார்க்க டிரைவர் பின்பக்கம் வந்தார். சேலையைப் பார்த்தார். கத்தினார்.

"யாருங்க துணி கட்டுனது? கொழந்தைய வெளிய கொண்டாங்க! கரிக்காத்து உள்ளயே தங்கி ஆளையே கொன்னு போடும்!"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. சேலத்தில் நான் ஏறும்போதே தெரியும். ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்தச் சீட்டில் யார் உட்காருவார்கள்?

தூக்கிக்கொண்டு இறங்கினேன். கால் தள்ளாடியது. தண்ணீர் தெளித்தார்கள். முறத்தால் விசிறினார்கள். உள்ளங்காலைத் தேய்த்தார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவாயி கண்ணைத் திறக்கவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்தோம். மணியக்காரர் சாவுப் பதிவில் மாந்தம் என்று எழுதினார். சண்டையில் செத்தாள் என்று எழுதுங்கள் என்றேன்.

"சண்டை பர்மாவுல நடக்குது அம்மிணி," என்றார். படித்த மனுஷன். மையை ஒற்றிவிட்டு நோட்டை மூடினார்.

நான் ஓடி வந்த அந்தச் சித்திரையில் சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. துறைமுகத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கு ஒரு கீறல் இல்லை. நாங்கள் குடியிருந்த வீட்டில் ஓர் ஓடு உடையவில்லை. தூளி விட்டத்தில் அப்படியே தொங்கியது.

எங்கள் வீட்டில் போருக்குப் பலி ஒன்று. பாவாயி. ஐந்து மாதம், ஒன்பது நாள்.